கொடித்தோடையும் கறுத்த வண்டும்

வெள்ளவத்தை, கொழும்பு 06
ஞாயிறு பின்னேரம்

அன்பின் குகன்,

உன்ர கடிதம் வந்து மூன்று கிழமை. பதில் பிந்திப் போச்சு, மன்னிச்சுக்கொள் மச்சான். கறுத்தக்கொழும்பான் மா இந்த முறை நல்லாப் பூத்திருக்கு எண்டு எழுதியிருந்தாய், சந்தோஷம். இஞ்சையும் பூத்தது, ஆனால் பூத்ததோட சரி. மொட்டைமாடிக் கொடித்தோடை (பாஷன் புரூட்) நினைவிருக்கோ, போன முறை வந்தபோது கரைச்சுத் தந்தேனே? ரெண்டு வருஷமாக் காய்ச்சுக் குலுங்கின கொடியிலை இந்த வருஷம் ஒரு காய் கூட இல்லை.

பசளை போட்டேன், சாம்பல் போட்டேன். மனிசி தண்ணி கூடிப்போச்சு எண்டாள். நான் கடற்காத்திலை பழி போட்டேன். கடைசியிலை பார்த்தால் பிழை என்ர கையிலைதான்.

பந்தல் மரங்களிலை விரல் நுழையிற அளவுக்கு வட்ட வட்டமா ஓட்டை இருந்தது, கீழை மரத்தூள். கறையான் இல்லை, அந்தக் கறுத்த வண்டு. பள்ளிக்கூடக் கொட்டிலிலை முகத்துக்கு நேரே வந்து அந்தரத்திலை நிண்டு முறைக்குமே, நீ புத்தகத்தைப் போட்டிட்டு ஓடுவாயே, அதுதான். அப்பிடி வந்து முறைக்கிறது அனேகமா ஆணாம். ஆணுக்குக் கொடுக்கே கிடையாதாம்! எத்தினை தரம் சும்மா ஓடியிருக்கிறம் பார். நான் அந்த மரங்களைக் கழட்டி எறிஞ்சு, இரும்புக் குழாய் நட்டு, பச்சைப் பெயின்டும் அடிச்சு விட்டேன். வடிவாத்தான் இருந்தது.

பேராதனையிலை விவசாயம் படிச்ச மருமகன் வந்தபோதுதான் விஷயம் வெளிச்சது. அது வண்டே இல்லையாம், தேனீச் சாதியாம். மரத்தைத் தின்னாது. பெண் துளைச்சு, உள்ளே மகரந்தமும் தேனும் பிசைஞ்ச உருண்டை ஒண்டு வைச்சு, முட்டையிட்டு, மரத்தூளாலை தடுப்புக் கட்டி, அடுத்த அறைக்கும் அப்பிடியே செய்யும். இலங்கையிலை கூட்டமா இருந்து தேன் சேர்க்கிறது மலைத்தேனீ, அடுக்குத் தேனீ, கொம்புத்தேனீ, கொசுத்தேனீ எண்டு 4 வகைதானாம். மற்றதெல்லாம் அனேகமாத் தனிக்காட்டு ராசாக்கள்.

ஒரு நாள் மத்தியானம் பந்தலுக்குக் கீழை கதிரை போட்டு இருந்தேன். இந்த மஞ்சள் இனத்துப் பூ 12 மணிக்குப் பிறகுதான் விரியும், இரவு மூடினால் பிறகு திறக்காது. நடுவிலை ஒரு தண்டு. அதிலை 5 மகரந்தப் பை முகம் கவிழ்ந்து தொங்குது. அதுக்கு மேலை மகரந்தம் ஒட்ட வேண்டிய 3 சூல்முடி, விரியேக்கை நிமிர்ந்து நிக்கும், பிறகு மெல்ல மெல்லக் கீழே வளையும். அடுக்குத் தேனீ ஒண்டு வந்து மகரந்தத்தைச் சுரண்டிக்கொண்டு போச்சு. அதின்ர முதுகு சூல்முடியிலை முட்டவே இல்லை. சின்ன உடம்பு, களவெடுக்கத்தான் காணும். கறுத்த வண்டு குனிஞ்சு தேன் குடிக்கேக்கை முதுகு ரெண்டிலையும் உரசும், பூவுக்கு அந்த உயரந்தான் கணக்கு.

சரி, கையாலை செய்வம் எண்டு பேத்தியின்ர பெயின்ட் தூரிகையை எடுத்து இருபது பூவுக்குத் தடவினேன். ஒண்டும் பிஞ்சு பிடிக்கேல்லை, எல்லாப் பூவும் வாடி விழுந்திட்டுது. மருமகன் சிரிச்சான். “மாமா, மஞ்சள் கொடிக்குத் தன்ர மகரந்தம் சேராது. வேறை கொடியின்ர வேணும்.”

அப்ப ரெண்டு வருஷம் காய்ச்சது? வண்டு எங்கையிருந்தோ கொண்டு வந்திருக்குத்தானே! இந்த ஒழுங்கைக்குள்ளை இன்னொரு கொடி இருக்க வேணும். விசரன் மாதிரி மதில் மதிலா எட்டிப் பார்த்துக்கொண்டு திரிஞ்சேன். ரயில் பாதைப் பக்கம், பழைய ஓட்டு வீடு ஒண்டிலை, கூரை மூடப் படர்ந்து கிடந்தது. ஒரு அம்மா வந்து படலையைத் திறந்தா. கேக்க முந்தியே, “இந்த முறை ஒரு காய்கூட இல்லைத் தம்பி, என்ன வருத்தமோ” எண்டா. பெயின்ட் அடிச்ச கதையைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை.

இப்ப ஒவ்வொரு மத்தியானமும் சாப்பாட்டுப் பெட்டியிலை நாலு பூவோட போறேன், அங்கையிருந்து நாலு பூவோட வாறேன். ரெண்டு வீட்டிலையும் பிஞ்சு தெரியுது. என்ர முழங்காலுக்குத்தான் மூன்று மாடிப் படி ஒத்துவரேல்லை.

உன்ர மாமரத்துக்கு இந்த வண்டு தேவைப்படாது, அங்கை இலையானும் சின்ன ஈக்களும்தான் கூடுதலா ஓடித்திரியும். ஆனாலும் தத்துவெட்டிப் பூச்சிக்கு மருந்தடிக்கிறதெண்டால் பூ விரிஞ்சு நிக்கிற நேரம் அடிக்காதை. கிளுவை வேலியை எடுத்திட்டு மதில் கட்டப் போறேன் எண்டும் எழுதியிருந்தாய். கட்டு, மாடு பூருது எண்டால் வேறை என்ன செய்யிறது. வேலி மூலையிலை பட்டுப்போன முள்முருக்கு ஒண்டு நிண்டதே, அதை மட்டும் அடுப்பிலை வைச்சுப் போடாதை. ஓட்டை விழுந்த துண்டாப் பார்த்து ரெண்டு முழத்திலை அறுத்து, பின்னேரம் இருட்டின பிறகு சாக்காலை சுத்திக் கட்டி, கொழும்புக்கு வாற லொறியிலை போட்டு விடு. கூலி நான் இஞ்சை குடுக்கிறேன். டிரைவரிட்டை உள்ளே என்ன எண்டு சொல்லாதை.

அன்புடன்,
ரவி