மேண்டில் சாம்பலை ஊதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ராயபுரத்தில் அப்பா பெட்ரோமாக்ஸ் விளக்குகளை வாடகைக்கு விட்டவர். புது மேண்டிலை, அதாவது சுடரைச் சுற்றிக் கட்டும் வலைத்துணியை, கட்டிக் கொளுத்தினால் துணி எரிந்துபோய், வெள்ளைக் கூடு மட்டும் நிற்கும். விரல் பட்டாலே பொடிந்துவிடும். அந்தக் கூடு தோரியம் ஆக்சைடு, கூடவே 1 சதவீதம் சீரியம் ஆக்சைடு. உருகுவதற்கு 3300 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும். அதனால்தான் சுடரில் அசையாமல் ஒளிர்ந்தது.

ஆனால் தோரியம் கதிரியக்கம் உள்ளது. அது வெளிவிடும் ஆல்ஃபா கதிரைத் தோலே தடுத்துவிடும். தூளாக நுரையீரலுக்குள் போனால் தடுக்க எதுவுமில்லை. நாங்களோ அந்தச் சாம்பலை வாயால் ஊதித்தான் விளக்கைத் துடைத்தோம்!

போன வாரம் மூர்மார்க்கெட் பக்கம் பழைய விளக்கொன்றை ஒரு பையன் அப்படியே ஊதிக்கொண்டிருந்தான். பழைய விளக்கு வாங்குங்கள், சரி; ஆனால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
சென்னை - 13