டிஸ்க் ஓட்டை 54.1-க்குப் பதில் 56.1: பிரேக் கிட் பணத்தைத் திருப்பக் கோரும் புகார்

அனுப்புநர்: உங்கள் முன்பக்க பிரேக் கிட்டை வாங்கிய வாடிக்கையாளர், பொள்ளாச்சி.
பெறுநர்: வாடிக்கையாளர் சேவைத் தலைமை மேலாளர் அவர்கள்.

ஐயா / அம்மா,

வணக்கம். மின்னஞ்சல் அனுப்பினால் “உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது, எங்கள் குழு விரைவில் தொடர்புகொள்ளும்” என்று ஒரு பதில் வருகிறது. போன் செய்தால் முதலிலிருந்து கதை கேட்கிறார்கள். கதையைச் சொல்லி முடித்ததும் “வேற டிபார்ட்மென்ட்” என்று இன்னொருவருக்கு மாற்றுகிறார்கள், அவரும் முதலிலிருந்து கேட்கிறார். எனக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. அதனால் இதைத் தாளில் எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன். தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

என் கார் 2019 மாடல் ஸ்விஃப்ட், விஎக்ஸ்ஐ. அதற்கென்று நீங்கள் விற்ற முன்பக்க பிரேக் கிட்டை 42,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் சிவப்புக் காலிப்பர் இரண்டு, கோடு வெட்டிய டிஸ்க் இரண்டு, பேட் ஒரு செட், ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ். எந்தக் கிட் என்று உங்களுக்கே தெரியும், பில் நகல் இணைத்திருக்கிறேன். பெட்டியின் மேல் என் கார் மாடல் பெயர் அச்சடித்திருக்கிறது. உள்ளே இருந்த டிஸ்க் என் காருக்கானது இல்லை.

ஸ்விஃப்டின் ஹப், அதாவது டிஸ்க்கும் வீலும் உட்காரும் நடுப்பகுதி, 54.1 மில்லிமீட்டர். நீங்கள் அனுப்பிய டிஸ்க்கின் நடு ஓட்டை 56.1. நாலு போல்ட், 100 மில்லிமீட்டர் வட்டம் என்பது பல கார்களுக்கும் பொது என்பதால் போல்ட் ஓட்டைகள் சரியாக வந்துவிட்டன. ஆனால் டிஸ்க்கை நடுவில் பிடித்து நிறுத்த வேண்டியது ஹப். அங்கே சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. எங்கள் மெக்கானிக் டிஸ்க்கைக் கையில் பிடித்து ஆட்டிக் காட்டினார். “ஆடுதுங்ணா, இது நம்ம வண்டிக்கு வந்ததே இல்லீங்” என்றார். மாட்டும்போதெல்லாம் வேறு வேறு இடத்தில் உட்காருகிறது. எழுபதைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது. பிரேக்கைத் தொடாமலே நடுங்குகிறது என்பதைக் கவனிக்கவும், ஏனென்றால் உங்கள் ஆட்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

“டிஸ்க் பென்ட் ஆயிருக்கும் சார், பேட்டை நீங்க சரியா பெட்-இன் பண்ணியிருக்க மாட்டீங்க.” இதுதான் எனக்குக் கிடைத்த முதல் தொழில்நுட்ப விளக்கம். பெட்-இன் என்பது புதுப் பேட்டை டிஸ்க்கோடு பழக்குவது. உங்கள் துண்டுச் சீட்டில் போட்டிருந்தபடியே, கிணத்துக்கடவு பக்கம் விடியற்காலையில், ரோடு காலியாக இருக்கும்போது, எண்பதிலிருந்து இருபதுக்குக் குறைப்பதும் மறுபடி ஏற்றுவதுமாகச் செய்தேன். முழுசாக நிறுத்தவில்லை. அப்புறம் ஆற விட்டேன். டயல் கேஜ் வைத்துப் பார்த்தாயிற்று, டிஸ்க் முகம் நெளியவில்லை. நெளிவு வேறு, மையம் விலகுவது வேறு. பிரேக் விற்கும் நிறுவனத்துக்கு இதை தேங்காய் நார் மில் நடத்துகிற நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

சரி, பொருள் மாறி வருவது எங்கேயும் நடக்கும். மாற்றிக் கொடுத்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. நான் கோபப்படுவது அதற்குப் பிறகு நடந்ததற்கு.

மதிய நேரத்தில் போன் எடுக்கும் ஓர் ஆள் உங்களிடம் இருக்கிறார். பெயர் கேட்டேன், சொல்லவில்லை. குரலை மறக்க மாட்டேன். நான் ஓட்டை அளவைச் சொல்லி முடிப்பதற்குள், “சார், வால்பாறைக்குப் போற சின்ன வண்டிக்கு எதுக்கு சார் ரேஸ் பிரேக்? பஸ்லயே போலாமே” என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் வாங்கிய பொருளின் விளம்பரத்தில் “மலைப்பாதைக்கு ஏற்றது” என்று எழுதியிருப்பது நீங்கள்தானே? அந்த விளம்பரத்தை நம்பி வாங்கியவனிடம் பஸ்ஸில் போகச் சொல்ல அவருக்கு நீங்கள் சம்பளம் கொடுக்கிறீர்களா?

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது என்ஜின் பார்த்துக்கொள்ளும். இறங்கும்போது இரண்டாவது கியரில் வந்தாலும் ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் மிதித்தாக வேண்டும். வண்டியில் நாலு பேர், டிக்கி நிறையச் சாமான். அட்டகட்டி தாண்டி, லோம்ஸ் வியூ இருக்கும் ஒன்பதாவது வளைவுக்கு வருவதற்குள் பழைய பேட் தீய்ந்த வாசனை வந்துவிடும், பெடல் மெத்தென்று ஆகிவிடும். அதுவும் போக, வேகமாக, ஆனால் ஒழுங்காக ஓட்டுவது எனக்குப் பிடிக்கும். அதை மறைக்க ஒன்றுமில்லை. அறுபதில் வந்து நிறுத்துவதற்கும் எண்பதில் வந்து நிறுத்துவதற்கும் பிரேக் விழுங்குகிற சூடு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. வேகமாக ஓட்ட நினைப்பவன் முதலில் பிரேக்கில் பணம் போடுவதுதான் புத்தி. சைலன்சரை மாற்றி ஊரை எழுப்புகிற பையன்களோடு என்னைச் சேர்க்காதீர்கள்.

அதே ஆள் இன்னொரு நாள், “உங்க ஊர் மெக்கானிக்குக்கெல்லாம் இந்த மாதிரி கிட் மாட்டத் தெரியாது சார்” என்றார். ஏனுங்க, எந்த ஊரைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்துதான் பேசினாரா? 1937-லேயே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின் மோட்டார் செய்த கோவை இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரம். கரி மோட்டார் ஸ்பீட்வே நம்ம செட்டிபாளையத்தில்தான் இருக்கிறது. 2005-இல் இந்தியாவிலிருந்து முதல் ஆளாக பார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். இங்கே லேத் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன்கூட வெர்னியரை வைத்து இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தைச் சொல்லிவிடுவான். உங்கள் கிடங்கில் ஒரு வெர்னியர் இல்லை.

கிடங்கு என்றதும் நினைவு வருகிறது. வண்டியோடு கோவைக் கிளைக்கு வாருங்கள், டெக்னீஷியன் நேரில் பார்த்து அங்கேயே மாற்றிக் கொடுப்பார் என்று உங்கள் அலுவலகத்திலிருந்துதான் சொன்னார்கள். நாளும் நேரமும் அவர்கள் குறித்ததுதான். நடுங்குகிற வண்டியை ஐம்பதுக்கு மேல் ஏற்றாமல், லாரிக்காரர்கள் பின்னாலிருந்து ஹாரன் அடிக்க, ஈச்சனாரி, சுந்தராபுரம், உக்கடம் என்று ஊர்ந்து போய்ச் சேர்ந்தேன். வண்டியில் என் மாமியார் வேறு, கண் ஆஸ்பத்திரிக்கு. போய்ச் சேர்ந்தால் வாட்ச்மேன் மட்டும் இருக்கிறார். “டெக்னீஷியன் ஓசூர் போயிட்டாருங்க, உங்களுக்குச் சொல்லலீங்களா?” என்றார். எனக்கு ஒரு சேர் போட்டு, மாமியாருக்குத் தண்ணீர் கொடுத்தார். உங்கள் நிறுவனத்தில் எனக்கு ஒழுங்காகப் பதில் சொன்ன ஒரே மனிதர் அவர்தான், அவரையாவது நன்றாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்தே உங்கள் எண்ணுக்கு அழைத்தேன். யார் எடுத்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? அந்த மதிய நேர ஆளேதான். “டிக்கெட் நம்பர் சொல்லுங்க சார்” என்றார். சொன்னேன். ஹோல்டில் போட்டார். பாட்டு ஓடியது. லைன் துண்டிக்கப்பட்டது. ஆஸ்பத்திரி டோக்கனும் போயிற்று. அன்று வீட்டில் நான் கேட்ட பேச்சுக்கு எவ்வளவு நஷ்டஈடு போடுவது என்று எனக்கே தெரியவில்லை.

நடுவில் ஒன்று விட்டுப்போனது, இது முக்கியமானது. உங்கள் சீட்டில் டாட் 5.1 பிரேக் ஆயில் ஊற்றவும் என்று இருக்கிறது, பெட்டியில் இருந்தது டாட் 4 பாட்டில். எதை ஊற்றுவது என்று கேட்டதற்கு, “5-ஓ 5.1-ஓ ஊத்துங்க சார், ரெண்டும் ஒண்ணுதான்” என்று பதில் வந்தது. இல்லை. டாட் 5 சிலிக்கான். அது மற்றவற்றோடு கலக்காது, ஏபிஎஸ் வண்டிக்கு ஆகாது. 5.1 என்பது டாட் 4 போலவே கிளைக்கால் வகை, கொதிநிலைதான் கூடுதல்: புதிய டாட் 4-க்குக் குறைந்தபட்சம் 230 டிகிரி, 5.1-க்கு 260. ஈரம் ஏறிய பிறகு 155-ம் 180-ம். எனக்குத் தெரிந்ததால் தப்பித்தேன். தெரியாத ஒருவர் உங்கள் ஆள் சொன்னதை நம்பி டாட் 5-ஐ ஊற்றிக்கொண்டு கல்லட்டி மலையில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதை நான் புகாராக மட்டும் சொல்லவில்லை. அந்த அறிவுரையை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், என் பணம் அப்புறம் வரட்டும்.

வீல் விஷயமும் இருக்கிறது. “14 அங்குல வீலுக்குப் பொருந்தும்” என்று போட்டிருந்தீர்கள். என் வீல் 14 அங்குலம், 165/80 டயர். காலிப்பரின் முதுகு வீலின் உள்பக்கம் உரசியது. “ஸ்பேசர் போடுங்க” என்றார்கள். ஸ்பேசர் போட்டு வீலை வெளியே தள்ளினால் பேரிங்குக்கு என்ன ஆகும் என்று கேட்டால் பதில் இல்லை. கடைசியில் 15 அங்குல வீலும் 185/65 டயரும் வாங்கினேன். அது 31,000. பெடல் முன்பைவிட ஆழமாகப் போகிறது. பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரை மாற்ற வேண்டியதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, புதுக் காலிப்பரின் பிஸ்டன் பரப்பு பழையதைவிட எவ்வளவு கூடுதல் என்று கேட்டேன். “நாலு பிஸ்டன் சார்” என்றார்கள். பரப்பு கேட்டால் எண்ணிக்கை சொல்கிறார்கள். இந்தக் கணக்கைப் போடாமலா இதைத் தயாரித்தீர்கள்? உங்கள் வடிவமைப்புப் பிரிவில் யாருக்காவது தெரிந்திருக்கும், அவரைப் பேசச் சொல்லுங்கள். நான் மரியாதையாகத்தான் கேட்கிறேன்.

இப்போது நஷ்டத்துக்கு வருகிறேன். கிட் 42,000. வீல், டயர் 31,000. மாட்டியதற்கும் கழற்றியதற்கும் பட்டறைக் கூலி 6,500. வண்டி பட்டறையில் நின்றபோது வாடகைக் காருக்குக் கொடுத்தது தனி. இதெல்லாம் சில்லறை. தூத்துக்குடியிலிருந்து நார்க்கழிவு வாங்க வந்த பார்ட்டியை உடுமலைப் பக்கம் உள்ள எங்கள் களத்துக்குக் கூட்டிப்போக என்னிடம் வண்டி இல்லை. அவர் வேறு மில்லைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு ஆர்டரோடு இந்த வருஷ லாபமே போச்சு என்று என் அண்ணன் சொல்கிறார், நான் அதை மறுக்கப்போவதில்லை. மன உளைச்சல் உட்பட மொத்தம் ரூ.2,50,000 கேட்கிறேன். உண்மையில் இதற்கு மேலேயே ஆகும்.

ஆனால் நான் வம்புக்கு நிற்கிற ஆள் இல்லை. கிட்டை உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு, 42,000-ஐயும் பட்டறைக் கூலியையும் வீல் பணத்தையும் இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் என் கணக்கில் போட்டுவிட்டால், மற்றதை நான் பேசமாட்டேன். “டிஸ்க் ஓட்டையை 54.1-க்குக் குறைக்க ரிங் போட்டுத் தருகிறோம்” என்று மறுபடி சொல்ல வேண்டாம். பிரேக்கில் ஒட்டுப் போட்ட வண்டியில் என் பிள்ளைகளை ஏற்ற மாட்டேன்.

15 நாள் தாண்டினால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். உங்கள் பில்லின் அடியில் பொடி எழுத்தில் “வழக்குகள் சென்னை நீதிமன்றங்களுக்கு மட்டும் உட்பட்டவை” என்று இருப்பதைப் படித்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம், வக்கீலும் கட்டாயமில்லை. ஆக எனக்குச் செலவு பெட்ரோல் மட்டும். நீங்கள்தான் வாய்தாவுக்கு வாய்தா இங்கே வர வேண்டியிருக்கும். அந்தச் சட்டத்தில் குறையுள்ள பொருளுக்குத் தயாரிப்பாளரும் விற்பவரும் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது, உங்கள் சட்டப் பிரிவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு தூரம் போக விடமாட்டீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் பேட் நல்ல பேட், கடியும் நன்றாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்க், காலிப்பர், ஹோஸ் எல்லாம் பெட்டியில் கட்டித் தயாராக இருக்கின்றன. எடுக்க வருகிறவரிடம் கையெழுத்து வாங்காமல் கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஏமாந்த வாடிக்கையாளர்,
பொள்ளாச்சி.

இணைப்பு: பில் நகல், வெர்னியர் அளவோடு டிஸ்க் புகைப்படங்கள், பட்டறை ரசீது, வீல் பில்.

பி.கு.: போனில் பேசுவதாக இருந்தால் காலை 11 மணிக்குள் அழைக்கவும், அதன் பிறகு மில்லில் லோடு ஏற்றும் சத்தத்தில் கேட்காது. மதிய நேர ஆள் அழைக்க வேண்டாம்.