காய்ந்த இலையில் மூலிகத்தைத் தேடாதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

சிறுபோகத்தில் நீர் குறைந்து நெல்லிலை சுருளும்போது அதனுள் சுயாதீன மூலிகங்கள், அதாவது சோடி சேராத இலத்திரனுடன் எளிதில் தாக்கமடையும் துணிக்கைகள், பெருகும். வன்னி வயல்களில் இதை ஆராய முனையும் மாணவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இலையைக் காயவைத்து, இடித்துத் தூளாக அனுப்பாதீர்கள். 1954இல் அமெரிக்க ஆய்வாளர் கொம்மனர் குழுவினர் உறைய வைத்து உலர்த்திய இழையங்களில் இலத்திரன் சுழற்சிப் பரிவுச் சமிக்ஞையை, அதாவது காந்தப்புலத்தில் மூலிகங்கள் நுண்ணலையை உறிஞ்சுவதால் வரும் சமிக்ஞையைக் கண்டார்கள். ஆனால் உலர்ந்த இழையத்தில் காற்றின் ஒட்சிசன் பட்டாலே புது மூலிகங்கள் தோன்றும். வறட்சி எது, உலர்த்தலின் விளைவு எது என்று அதன்பின் பிரிக்க முடியாது.

பச்சை இலையையே இந்தச் சமிக்ஞையை அளக்கும் கருவியில் வைக்கலாம். ஆனால் 9.5 கிகாஹேர்ட்சு நுண்ணலையை இலையின் நீர் விழுங்கிவிடும். அதனால் ஒடுங்கிய கீற்றாக வெட்டி, தட்டையான குவாட்ஸ் தாங்கியில் ஒற்றைப் படையாக வையுங்கள். இப்படிப் பார்த்தாலும் ஐதரொட்சில் மூலிகம் அகப்படாது, அதன் ஆயுள் நனோசெக்கன் அளவுதான்.

கருவி தொலைவிலிருக்கும் எங்கள் பக்கத்துக்குப் பொருத்தமான வழி, வயலருகிலேயே மூலிகத்தைப் பிடித்துவிடுவது. 50 மில்லிமோலர் பி.ஓ.பி.என். (மூலிகத்தைப் பிடித்து நிலைக்கச் செய்யும் சேர்வை), 4 சதவீத எதனோல், 50 மைக்குரோமோலர் இரும்பு ஈ.டி.ரி.ஏ. கொண்ட தாங்கற் கரைசலில் இலை வில்லைகளை இட்டு, ஊசியில்லாச் சிறிஞ்சால் காற்றை இழுத்துக் கரைசலை உட்புகுத்துங்கள். வில்லை கரும்பச்சையாகித் தாழ்ந்தால் புகுந்துவிட்டது. ஒரு மணிநேரம் வெளிச்சத்தில் வைத்தபின் இலையை விட்டுவிட்டுக் கரைசலை மட்டும் பனிக்கட்டியில் எடுத்துச் சென்று, அன்றைக்கே அளவுங்கள். சேர்த்த இரும்பு ஐதரசன் பேரொட்சைட்டை ஐதரொட்சில் மூலிகமாக்குவதால், தெரிவது பெரும்பாலும் இலை உண்டாக்கிய ஐதரசன் பேரொட்சைட்டின் அளவே என்பதை மறவாதீர்கள். கிணற்று நீரில் கரைசல் தயாரிக்கவே கூடாது, அதிலுள்ள இரும்பும் கணக்கில் சேர்ந்துவிடும்.

அடிக்கடி பிழைக்கும் இடம் நிறமாலையை வாசிப்பது. உண்மைச் சமிக்ஞை மூன்று சோடிக் கோடுகள், காந்தப்புல அச்சில் மொத்தம் 3.4 மில்லிதெசுலாவுக்குள் அடங்கும். காயப்பட்ட இலையிலிருந்து கசியும் மங்கனீசும் ஆறு கோடு தரும், ஆனால் அவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 9 மில்லிதெசுலா இடைவெளியில் பரந்து நிற்கும். ஆறு என்று எண்ணிவிட்டு மகிழ வேண்டாம், இடைவெளியை அளவுங்கள்.

கோடே தெரியாவிட்டால் மூலிகம் இல்லை என்றும் முடிவெடுக்காதீர்கள். இலையின் விற்றமின் சி பிடிபட்ட சேர்வையைத் தாழ்த்திச் சமிக்ஞையை அழித்துவிடக்கூடும். இருட்டில் வைத்த வில்லைகளின் கரைசல் ஒன்று, வில்லையே இடாத கரைசல் ஒன்று, இரண்டையும் ஒவ்வொரு தடவையும் கூடவே அளவுங்கள்.

தாவர உயிர் இரசாயன ஆய்வாளர்கள்,
கிளிநொச்சி.