ஞாயிறு பேசும் படம்: ஹிலாரி அண்ட் ஜாக்கி

நண்பர்களே, ஞாயிறு மாலை 6 மணிக்குப் பேசப்போவது 1998-இல் ஆனந்த் டக்கர் இயக்கிய இந்தப் படத்தைப் பற்றி. பிரிட்டனின் செல்லோ (வயலின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய வாத்தியம்) மேதை ஜாக்குலின் டு ப்ரே, புல்லாங்குழல் வாசித்த அவருடைய அக்கா ஹிலாரி, இந்த இருவரின் கதை. எமிலி வாட்சனும் ரேச்சல் கிரிஃபித்ஸும் நடித்திருக்கிறார்கள்.

அதே சம்பவங்கள் முதலில் அக்காவின் பார்வையில், பிறகு தங்கையின் பார்வையில் வரும். மாஸ்கோவிலிருந்து ஜாக்குலின் வீட்டுக்கு அனுப்பும் பார்சலைக் கவனியுங்கள். உள்ளே அழுக்குத் துணி! என்ன திமிர் என்று தோன்றும். தங்கையின் பகுதியில், துவைத்துத் திரும்பி வந்த அதே துணியில் அவள் வீட்டு வாசனையைத் தேடுவாள். எனக்குப் படமே அந்த இடம்தான்.

ஹிலாரியும் தம்பி பியர்ஸும் எழுதிய நூலை ஒட்டி எடுத்தது. அதனால் அக்கா தரப்பு கொஞ்சம் தூக்கல் என்பது என் எண்ணம். ஜாக்குலினை அறிந்த இசைக்கலைஞர்கள் சிலர் அப்போதே கடுமையாக எதிர்த்தார்கள். இதைக் கட்டாயம் விவாதிப்போம்.

முடிந்தால் 1965-இல் இசைக்குழு நடத்துநர் பார்பிரோலியுடன் ஜாக்குலின் பதிவு செய்த, ஆங்கில இசையமைப்பாளர் எல்கரின் செல்லோ கான்செர்ட்டோவைக் (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) கேட்டுவிட்டு வாருங்கள். பெரியவர்களுக்கான படம், பிள்ளைகளோடு உட்கார வேண்டாம். வருபவர்கள் சனிக்கிழமைக்குள் இங்கே ஒரு கட்டைவிரல் போடுங்கள்.