தேனீயா, ஈயா?

ஆசிரியருக்கு,

மஞ்சள் பட்டை போட்டதெல்லாம் தேனீ அல்ல. பூவின் முன் அந்தரத்தில் அசையாமல் நிற்கும் ஒருவகை ஈயும் அதே வேஷம் போடும். (அதில் பல இனங்களின் புழு, செடிச்சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும், அதுவும் நமக்கு வேண்டியவர்தான்.) இறக்கையை எண்ணச் சொல்வார்கள்: ஈக்கு 2, தேனீக்கு 4. ஆனால் தேனீயின் முன், பின் இறக்கைகள் நுண்கொக்கிகளால் கோத்துக்கொள்வதால் இரண்டாகவே தெரியும். முகத்தைப் பாருங்கள். இந்த ஈயின் உணர்கொம்பு குட்டை. தேனீயுடையது நீண்டு, முழங்கைபோல் மடங்கியிருக்கும். பின்னங்காலில் மகரந்த மூட்டை இருந்தால் தேனீதான். இலைவெட்டித் தேனீயோ வயிற்றின் அடியில் சுமக்கும். சுவர் விரிசலில் பிசின் குழாய் வைத்துக் குடியிருக்கும், சுமார் 4 மில்லிமீட்டர் கருப்புப் பூச்சி கொசுத்தேனீ. கொட்டாது. ஈ என்று மருந்தடித்து, சிமென்ட் பூசிவிடாதீர்கள்.

- ஒரு வாசகர், மதுரை