கலாவுக்கு, ஆர்மீனியா போய்வந்த பிறகு

ராயபுரம்,
சென்னை.

அன்புள்ள கலா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். கண்டெய்னர் லாரிகள் குறையவில்லை, மருமகள் வேலை மாறிவிட்டாள், எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஆர்மீனியாவில் சரித்திர இடங்களுக்கு எத்தனை நாள், சர்ச்சுகளுக்கு எத்தனை நாள், மலைக்கு எத்தனை நாள் என்று கேட்டிருந்தாய். அந்த நாட்டில் அப்படிப் பிரிக்கவே முடியாது. பாரசீகர், அரபியர், மங்கோலியர் என்று மாறி மாறிப் படை வந்த பூமி. பழைய மடங்கள் பலவும் பள்ளத்தாக்கின் விளிம்பிலோ மலை மடிப்புக்குள்ளோதான் இருக்கின்றன. மூன்றையும் ஒரே இடத்தில் பார்த்துவிடுவாய்.

தம்பி மகள் தலைநகர் யெரெவானில் மருத்துவம் படிப்பதால்தான் எனக்கு இந்த வாய்ப்பே கிடைத்தது. முதலில் கோர் விராப் மடத்துக்குப் போனோம். கிரிகோர் என்ற புனிதரை மன்னன் திரிதாத் அங்கே ஒரு பாதாளக் குழியில் பதின்மூன்று வருடம் அடைத்து வைத்தானாம். பிறகு அதே மன்னன் நோய் தீர்ந்து மனம் மாறி, 301-ல் கிறிஸ்தவத்தை அரச மதமாக்கினான் என்பது அவர்கள் வரலாறு. உலகிலேயே முதல் நாடு நாங்கள்தான் என்பதில் அவர்களுக்கு அவ்வளவு பெருமை. குழிக்குள் இரும்பு ஏணி செங்குத்தாக இறங்குகிறது. உன் முழங்காலுக்கு அது வேண்டாம், வெளியே நில். எதிரே பனி மூடிய அராரத், 5,137 மீட்டர். அவர்கள் அரசு முத்திரையில் இருக்கும் மலை, ஆனால் இருப்பது துருக்கியில். நடுவே 1993-ல் மூடிய எல்லை. நான் பார்த்ததில் இதற்கு மிஞ்சிய காட்சி இல்லை.

கெகார்ட் மடத்துக்கு நிறைய நேரம் வை. 13-ஆம் நூற்றாண்டில் மலையைக் குடைந்து உள்ளே மண்டபம், தூண், சிலுவைச் சிற்பம் எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். வெளிச்சம் கூரையில் விட்ட ஒரே துளை வழியாகத்தான். ஒரு மண்டபத்துக்குள்ளேயே ஊற்று ஓடுகிறது, ஜனங்கள் பாட்டிலில் பிடித்துப் போகிறார்கள். வெளியே மரங்களில் வேண்டுதல் துணி முடிச்சுகள். அங்கே 'மதாக்' என்று ஒரு வழக்கம் உண்டு: நேர்ந்துகொண்டு ஆடோ சேவலோ பலி கொடுத்து, உப்புப் போட்டு வேகவைத்து ஊருக்குப் பங்கிடுவது. நம்ம முனீஸ்வரன் கோயில் கிடா வெட்டு மாதிரியேதான், என்ன, மசாலா இல்லை. போகிற வழியில் கர்னி கோயில். கிரேக்க பாணித் தூண்கள், 1679 பூகம்பத்தில் விழுந்து சோவியத் காலத்தில் மறுபடி நிறுத்தியது. அதற்கு ஒரு மணி நேரம் போதும். செவான் ஏரிக்கும் அப்படியே, கூட்டம் அதிகம்.

தாத்தெவ் மடம் தூரம், ஆனால் உனக்கு ஏற்றது. 2010-ல் போட்ட ரோப் கார் 5.7 கிலோமீட்டர் பள்ளத்தாக்கைத் தாண்டி மடத்துக்கே கொண்டு விடுகிறது, ஏற வேண்டியதே இல்லை. கீழே பார்த்தால் எனக்கு வயிறு கலங்கியது, தம்பி மகள் சிரித்தாள்.

யெரெவான் அருங்காட்சியகத்தில் ஒரு செருப்பு இருக்கிறது. அரேனி குகையில் 2008-ல் எடுத்தது, சுமார் 5,500 வருடப் பழசு, ஒரே மாட்டுத்தோலை வளைத்துத் தைத்தது. பெரியமேட்டுத் தோல் மண்டியில் காலம் முழுக்க வேலை பார்த்த எங்கள் வீட்டுக்காரர் இருந்திருந்தால் அந்தக் கண்ணாடிப் பெட்டியை விட்டு நகர்ந்திருக்க மாட்டார்.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதே. லவாஷ் ரொட்டி, பாலாடைக்கட்டி, பச்சைக் கீரை எப்போதும் கிடைக்கும். கீரையை அடைத்துச் சுடும் 'ஜிங்கியாலோவ் ஹாட்ஸ்' கேட்டு வாங்கு.

அப்புறம் முக்கியமான ஒன்று. கிளம்புவதற்கு முன் இங்கே வந்து என்னோடு தங்கு. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்கு அரண்மனைக்காரன் தெருவுக்குப் போவோமே, அதே தெருவில்தான் 1772-ல் கட்டிய ஆர்மீனியன் சர்ச். எத்தனை முறை அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போயிருப்போம்! 1600-களின் தொடக்கத்தில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், ஆர்மீனியர்கள் வாழ்ந்த ஜுல்ஃபா ஊர் ஜனங்களை மொத்தமாகக் கிளப்பித் தன் தலைநகர் இஸ்ஃபஹானில் குடியமர்த்தினார். அங்கிருந்து வியாபாரத்துக்குக் கிளம்பியவர்கள்தான் மெட்ராஸ் வரை வந்தார்கள். பரங்கிமலைப் படிக்கட்டைக் கட்டிய உஸ்கான் அவர்களில் ஒருவர். உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான 'அஸ்தரார்' 1794-ல் அச்சானது இந்த ஊரில். அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறை அந்தச் சர்ச் வளாகத்திலேயே இருக்கிறது. யெரெவானில் எங்கள் வண்டி ஓட்டியவருக்குச் சென்னை என்றால் தெரியவில்லை. மெட்ராஸ் என்றதும் "அஸ்தரார்!" என்றார். அந்தக் கல்லறையைப் பார்த்துவிட்டுப் போனால் உனக்கும் அங்கே பேச ஏதாவது இருக்கும்.

செப்டம்பர் கடைசியில் போ, குளிர் தாங்கும். பாஸ்போர்ட் எப்போது காலாவதியாகிறது என்று இன்றைக்கே எடுத்துப் பார். சின்னவன் கல்யாணத் தேதி முடிவானதும் எழுது, நான் ரயிலுக்கு முன்பதிவு செய்ய வேண்டும்.

உன்,
விஜயா