மார்ச் 17 அன்று 42-ஐ அணியுங்கள்

மேஜர் லீக் பேஸ்பால் ஆணையர் ராப் மான்ஃபிரெட் அவர்களுக்கும் 30 அணிகளின் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

பிப்ரவரி பாதியில், பந்தை வீசும் பிட்சர்களும் அதைப் பிடிக்கும் கேட்சர்களும், பருவம் தொடங்குமுன் நடக்கும் பயிற்சி முகாமுக்கு வந்து சேர்கிறார்கள். சில நாள் கழித்து மற்றவர்கள். பாதி அணிகள் ஃபுளோரிடாவில், பாதி அரிசோனாவில். யாருடைய முழங்கை தேறியிருக்கிறது, எந்தப் புதுப் பையன் ஐந்தாவது பிட்சர் இடத்துக்கு முட்டி மோதுகிறான் என்பதே இனி ஆறு வாரப் பேச்சு. நடுவில் ஒருநாள் எவராவது அந்தப் பழக்கதையை எடுப்பார். 1915 மார்ச்சில் டேடோனா பீச்சில், விமானத்திலிருந்து போடும் பந்தைப் பிடித்துக் காட்டுகிறேன் என்று புரூக்ளின் அணியின் மேலாளர் வில்பர்ட் ராபின்சன் நின்றார். விமானி ரூத் லா போட்டதோ ஒரு கிரேப்ஃப்ரூட். மேலே விழுந்து உடைந்த பழத்தின் சாற்றை ரத்தமென்று நினைத்து மனிதர் அலறிவிட்டார். ஃபுளோரிடா ஆட்டங்களுக்கு கிரேப்ஃப்ரூட் லீக் என்ற பெயர் வந்தது அப்படித்தான் என்பார்கள். நல்ல கதை. எனக்கும் சிரிப்பு வரும்.

அதே ஊருக்கு, அதே புரூக்ளின் நிறுவனத்தின் ஆளாக, 31 ஆண்டுகள் கழித்து இன்னொரு ராபின்சன் வந்தார். அவர் கதையை நீங்கள் ஏப்ரல் 15-க்கென்று எடுத்து வைத்திருக்கிறீர்கள். 1947-இல், நவீன மேஜர் லீக்கின் முதல் கருப்பின வீரராக ஜாக்கி ராபின்சன் புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்டு மைதானத்தில் இறங்கிய நாள் அது. 1997-இல் அவருடைய 42-ஆம் எண்ணுக்கு, புதிதாக எவரும் அணியாதபடி, எல்லா அணிகளிலும் ஓய்வு கொடுத்தீர்கள். 2009 முதல் அந்த ஒரு நாள் எல்லா வீரர்களும் அந்த எண்ணோடு ஆடுகிறார்கள். அதில் எனக்குக் குறையில்லை. தேதியில்தான் குறை.

ஏப்ரல் 15-இல் கொண்டாடப்படுவது கதவு திறந்த நாள். அந்தக் கதவை அவர் தட்டிக்கொண்டு நின்றது அதற்கு முந்தைய ஆண்டின் மார்ச் மாதத்தில், நீங்கள் இன்று சூரிய வெளிச்சமும் ஐஸ்கிரீமுமாக விளம்பரம் செய்கிற இதே ஃபுளோரிடா முகாம்களில்.

1946 பிப்ரவரி கடைசியில், கல்யாணமாகி மூன்று வாரம்கூட ஆகாத ஜாக்கியும் ரேச்சலும் லாஸ் ஏஞ்சல்ஸில் விமானம் ஏறினார்கள். ஜாக்கியின் தாய் மேலி, பொரித்த கோழியும் அவித்த முட்டையும் ஒரு செருப்புப் பெட்டியில் கட்டிக் கொடுத்தார். இந்தக் காலத்தில் விமானத்துக்குக் கட்டுச்சோறா என்று இளம் தம்பதிக்குக் கூச்சம். நியூ ஆர்லியன்ஸில் இவர்களை இறக்கிவிட்டு விமானம் போய்விட்டது. விமான நிலைய உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடவும் இடமில்லை. அழுக்கு விடுதி ஒன்றில் அந்தக் கோழிதான் பசியாற்றியது. கருப்பரையும் வெள்ளையரையும் சட்டம் போட்டுப் பிரித்து வைத்த தெற்கு மாநிலங்கள் எப்படிப்பட்டவை என்று மேலிக்குத் தெரியும். அவர் ஜார்ஜியாவிலிருந்து கிளம்பி வந்தவர். பென்சகோலாவில் மறுபடி இறக்கினார்கள். பிறகு பஸ். சாய்வு இருக்கையில் உட்கார்ந்திருந்தவர்களை ஓட்டுநர் பின்வரிசைக்குப் போகச் சொன்னார். ஜாக்கி எழுந்து போனார். ராணுவத்தில் இருந்தபோது இதேபோல் பஸ்ஸில் பின்னால் போக மறுத்து, ராணுவ நீதிமன்றம் வரை போய் விடுதலையாகி வந்தவர் அவர். அவர் வாய் திறக்காமல் எழுந்தார் என்றால் புரூக்ளினோடு செய்த ஒப்பந்தத்துக்கு என்ன விலை கொடுத்தார் என்று பாருங்கள்.

புரூக்ளினின் கிளை அணியான மான்ட்ரியல் ராயல்ஸ் சான்ஃபோர்டு ஊரில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது. ராபின்சனும் இன்னொரு கருப்பின வீரரான பிட்சர் ஜானி ரைட்டும் அங்கே இரண்டு நாள் பயிற்சி செய்வதற்குள் மிரட்டல் வந்துவிட்டது. உடனிருந்த கருப்பினப் பத்திரிகையாளர் வெண்டெல் ஸ்மித்தும் புகைப்படக்காரர் பில்லி ரோவும் அவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு டேடோனா பீச்சுக்கே திரும்பினார்கள். அங்கே ஜோ, டஃப் ஹாரிஸ் தம்பதி தங்கள் வீட்டில் இடம் கொடுத்தார்கள். ஜாக்சன்வில் அதிகாரிகள் மைதானத்தைப் பூட்டுப் போட்டுப் பூட்டினார்கள். டிலாண்டு ஊரிலோ விளக்கு எரியவில்லை என்று ஆட்டத்தை ரத்து செய்தார்கள். பகல் ஆட்டம் அது! ஏப்ரலில் மறுபடி சான்ஃபோர்டு போனபோது, ராபின்சன் சறுக்கிப் பாய்ந்து ஹோம் பிளேட்டைத் தொட்டு ரன் எடுத்த பிறகு, ஊர்க் காவல் தலைவர் வந்து அவரை வெளியேற்றச் சொன்னார்.

இத்தனைக்கும் நடுவில் மார்ச் 17 அன்று டேடோனா பீச் மட்டும் ஆடவிட்டது. சிட்டி ஐலண்ட் மைதானத்தில் புரூக்ளின் முதன்மை அணியை எதிர்த்து ராபின்சன் இறங்கினார். கருப்பின மக்கள் அவர்களுக்கென்று ஒதுக்கிய பகுதியில் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தார்கள். மட்டையால் அவர் அன்று பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஆடினார் என்பதே செய்தி. அந்த மைதானத்துக்கு இன்று அவருடைய பெயர். உங்கள் நாட்காட்டியில்தான் அந்த நாளுக்கு இடமில்லை.

ராபின்சன் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்ற தோற்றத்தை ஏப்ரல் 15 தருகிறது. உண்மையில் வசந்தகால முகாம்களில் பிரிவினை அதற்குப் பிறகும் பதினைந்து ஆண்டுகள் ஓடியது. பருவ ஆட்டங்களில் தோளோடு தோள் நின்றவர்கள், பிப்ரவரி வந்தால் வேறு வேறு தெருக்களில் உறங்கினார்கள். பைரேட்ஸ் அணி வீரர் ரொபெர்ட்டோ கிளெமென்டே 1955-இல் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸ் முகாமுக்கு வந்தார். வெள்ளை வீரர்கள் உணவகத்தில் சாப்பிட, கருப்பின வீரர்கள் பஸ்ஸிலேயே உட்கார்ந்து, அவர்கள் கொண்டுவந்து தருவதற்காகக் காத்திருக்க வேண்டும். அப்படி வரும் சாப்பாடு எனக்கு வேண்டாம் என்று கிளெமென்டே மறுத்துவிட்டார். பிறகு பைரேட்ஸ் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டித் தங்களுக்கென்று தனி வண்டி வாங்கினார். போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவருக்கு இந்தச் சட்டங்களெல்லாம் புதிது. இன்று டொமினிகன் குடியரசிலிருந்தும் வெனிசுவேலாவிலிருந்தும் அதே ஃபோர்ட் மையர்ஸில் வந்து இறங்கும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களுக்கு இதை யார் சொல்கிறீர்கள்?

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கதை இன்னும் நெருடலானது. யாங்கீஸும் கார்டினல்ஸும் அங்கே பயிற்சி எடுத்தன. கருப்பின வீரர்களுக்கு வீடு தேடிக் கொடுக்கும் வேலை ரால்ஃப் விம்பிஷ் என்ற மருத்துவரின் தலையில் விழுந்திருந்தது. 1961 தொடக்கத்தில் அவர் கையை உதறினார்: இனி இந்த வேலையை நான் செய்ய மாட்டேன், அணிகளே தங்கள் விடுதிகளிடம் கேட்டுக்கொள்ளட்டும். அதே ஜனவரியில் வெண்டெல் ஸ்மித்தும் சிகாகோவில் இதைப் பற்றி எழுதத் தொடங்கியிருந்தார். மார்ச்சில் ஊர் வர்த்தகச் சங்கம் வீரர்களுக்குக் காலை விருந்து வைத்தது. அழைப்புப் பட்டியலில் கருப்பின வீரர் ஒருவர்கூட இல்லை. கார்டினல்ஸின் முதல் பேஸ் வீரர் பில் வைட் அதைப் பத்திரிகையாளரிடம் போட்டு உடைத்தார். செய்தி நாடு முழுக்கப் பரவியதும் சங்கம் அவசர அவசரமாக அழைப்பு அனுப்பியது, வைட் போகவில்லை. அடுத்த ஆண்டு யாங்கீஸ் ஃபோர்ட் லாடர்டேலுக்கு இடம் மாறியது. கார்டினல்ஸ் அணிக்காக ஒரு மோட்டலே ஏற்பாடானது. கருப்பின வீரர்கள் பாப் கிப்சன், கர்ட் ஃப்ளட் குடும்பங்களோடு வெள்ளை நட்சத்திரம் ஸ்டான் மியூசியலின் குடும்பமும் அங்கே தங்கியது. கருப்பரும் வெள்ளையரும் ஒரே நீச்சல் குளத்தில் குளிப்பதைப் பார்க்க ஊரார் காரில் வந்து போனார்கள். அன்று விருந்துக்குத் தகுதியில்லாதவராயிருந்த பில் வைட் 1989-இல், மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் தலைவரே ஆனார். இதைவிட நல்ல கதை உங்கள் விளம்பரத் துறைக்கு எங்கே கிடைக்கும்?

உங்களுக்கு மனமில்லை என்று நான் சொல்லவில்லை. ஒதுக்கி வைக்கப்பட்ட காலத்தில் கருப்பின வீரர்கள் ஆடிய நீக்ரோ லீக்குகளின் புள்ளிவிவரங்களை 2024-இல் அதிகாரப்பூர்வமாகச் சேர்த்தீர்கள்; .372 மட்டைச் சராசரியோடு அந்த லீக்கின் ஜாஷ் கிப்சன், வாழ்நாள் பட்டியலில் முதலிடத்திலிருந்த டை காபைத் தாண்டினார். அதே ஆண்டு ஜூனில் அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாமில், பழைய நீக்ரோ லீக் மைதானமான ரிக்வுட் ஃபீல்டில் ஆட்டம் நடத்தினீர்கள். 1967-இல் அந்த ஊரில் ஆடியபோது உணவகங்களும் விடுதிகளும் தன்னை வெளியே நிறுத்தியதை முன்னாள் வீரர் ரெஜி ஜாக்சன் நேரலையில் பூசி மெழுகாமல் சொன்னார். அவர் பேசியதால் விளையாட்டின் மானம் ஒன்றும் போய்விடவில்லை. ஆனால் சாம்பியன் பட்டத்துக்கான 2022 உலகத் தொடரில் இரு அணிகளிலுமாக அமெரிக்காவில் பிறந்த கருப்பின வீரர் ஒருவரும் இல்லை. 1950-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. பழைய கணக்கை நேர் செய்தால் மட்டும் போதாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஆகவே என் கோரிக்கை. மார்ச் 17 அன்று ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் ஆடும் எல்லா வீரர்களும் 42-ஐ அணியட்டும். அன்று ஓர் ஆட்டத்தை டேடோனா பீச்சின் அந்த மைதானத்துக்குக் கொண்டுபோங்கள். அரிசோனா விலக்கு கேட்க வேண்டாம்: கிளீவ்லாந்தின் கருப்பின வீரர் லாரி டோபி, தன் அணி தங்கிய டூசான் விடுதியில் தங்க முடியாமல் வெளியே வீடு பார்த்தவர். ஹாரிஸ் தம்பதி, விம்பிஷ் போல முகாம் ஊர்களில் இடம் கொடுத்தவர்களின் பெயர்களை உங்கள் மைதான வாசல்களில் பொறியுங்கள். அந்த மைதானங்களுக்கு வரிப்பணம் கொடுத்த மக்களில் அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் உண்டு. முகாம் தொடங்கும் வாரத்தில் சூதாட்ட விதிகள், மருந்துப் பரிசோதனை என்று வீரர்களுக்கு வகுப்பு எடுக்கிறீர்களே, அதில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். ஸ்பானிய மொழியிலும்.

அந்த நாளுக்கென்று 42 போட்ட சட்டைகளை அச்சடித்துக் கடையில் விற்கும் எண்ணம் வந்தால் மட்டும், தயவுசெய்து அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வையுங்கள்.

இப்படிக்கு,
கிரேப்ஃப்ரூட் கதையைக் கேட்டு அலுத்துப்போன ரசிகன்